வாய் திறக்காத வைத்தியம்

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை எட்டு மணியைச் சற்றுத் தாண்டியபோது சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்தது. தீ முப்பது மீட்டர் உயரத்துக்கு எழுந்தது, அணைப்பதற்குள் பிற்பகலாகிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். தார் உருகிய சாலையில் வெறுங்காலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. உயிர்ச்சேதம் இல்லை என்று செய்தி வந்ததும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பெருமூச்சு விட்டது. மனநல மருத்துவர்களின் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கில் முதல் வரி நல்ல செய்தி. இப்படிப்பட்ட நாளைக் கடந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் தூக்கம் கெடும், அடுப்பைப் பற்றவைக்கக் கை தயங்கும், மோட்டார் சைக்கிள் உறுமினால் நெஞ்சு படபடக்கும். பிறகு மெல்ல அடங்கும். 24 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வொன்று, பேரதிர்ச்சியைச் சந்தித்தவர்களில் 5.6 சதவீதத்தினர் வாழ்நாளில் பி.டி.எஸ்.டி. என்ற நிலைக்குப் போகிறார்கள் என்கிறது. போர், சித்திரவதை, பாலியல் வன்முறை என்று வந்தால் அந்த விகிதம் வெகுவாக ஏறும். ஒரு மாதம் தாண்டியும் அந்த நாள் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் பேச்சையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவது, எந்நேரமும் உடம்பு உஷாராகவே இருப்பது ஆகிய நான்கும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையை முடக்கினால்தான் மருத்துவர் அந்தப் பெயரை எழுதுவார்.

பெயரே புதிது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது சேர்ந்தது 1980இல். நோய் அதைவிடப் பழையது. 1942இலும் 43இலும் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடப்பட்ட காலத்தில் காலராவிலும் மலேரியாவிலும் அடியிலும் பட்டினியிலும் செத்தவர்கள் போக மிச்சப்பட்டவர்கள் தோட்டத்து லயங்களுக்குத் திரும்பினார்கள். மறுபடி பால் மரம் சீவினார்கள். அவர்களில் யாராவது இரவில் அலறி எழுந்தால் பேய் பிடித்தது என்றோ, கள்ளு செய்கிற வேலை என்றோதான் லயத்தில் பேசியிருப்பார்கள். பட்டியலில் அவர்களுடைய துன்பத்துக்குப் பெயர் ஏற இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது. 1991 மே மாதம் சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தபோதும், 1993 டிசம்பரில் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்தபோதும் பெயர் இருந்தது. அதைச் சொல்லி வைத்தியம் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் நாடு இது. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் நிழல் இன்றும் மனநலப் பிரிவு எழுதிய ஒவ்வொரு கதவின் மேலும் விழுகிறது.

கதவைத் தாண்டி உள்ளே போனால் இரண்டாவது தடை. பி.டி.எஸ்.டி.க்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த சிகிச்சைகள் பெரும்பாலும் பேச்சு வழிச் சிகிச்சைகள். நடந்ததை ஒழுங்காக, முழுதாக, பலமுறை சொல்ல வைத்து, அந்த நினைவை இன்றைய ஆபத்தாக அல்லாமல் நேற்றைய சம்பவமாக மூளையில் பதிய வைப்பதே அவற்றின் அடிப்படை. கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையில் சொல்ல வேண்டியது குறைவு. ஆனாலும் நினைவை எதிர்கொண்டுதான் ஆக வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வந்துபோகும் ஈழத்து அகதி ஒருவர் முல்லைத்தீவில் கண்டதை யாரிடம், எந்த மொழியில் சொல்வார்? எதிரே உட்காரும் நிபுணர் மலாயோ ஆங்கிலமோ பேசுவார். நடுவே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் எந்த ஊர், யாருக்குச் சொந்தக்காரர், வெளியே போய் என்ன சொல்வார் என்ற சந்தேகம் வேறு. இந்த இடத்தில்தான் ‘பேசவே வேண்டாம்’ என்று ஒரு சிகிச்சை வந்து நிற்கிறது. நியூரோஃபீட்பேக் இந்தப் பள்ளத்தாக்கில் விலைபோவதற்கு அதன் அறிவியலைவிட இந்த வாக்குறுதியே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

என்ன நடக்கிறது அந்த அறையில்?

எண்ணெய் தேய்க்காத தலையோடு வரச் சொல்வார்கள். இது நம்மவர்களுக்குக் கொஞ்சம் சிரமமான நிபந்தனை. தேங்காயெண்ணெய்ப் பளபளப்பின் மேல் மின்முனை ஒட்டாது; ஒட்டினாலும் சிக்னல் வராது. பயிற்றுநர் ஒரு நாடாவை எடுத்து, மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து உச்சந்தலை வழியாகப் பிடரியில் தட்டுப்படும் எலும்பு மேடுவரை அளப்பார். அந்த அளவில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பிரித்துப் புள்ளிகளைக் குறிப்பார். வலப் பொட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி, பின்னுச்சியில் ஒரு புள்ளி என்று சிகிச்சை முறைக்குத் தக்க இடம் மாறும். நறநறவென்ற ஜெல்லால் அந்த இடத்துத் தோலைத் தேய்த்து, வெள்ளைப் பேஸ்டை அப்பி, சிறிய உலோகக் கிண்ணம் போன்ற மின்முனையை அழுத்துவார். காதுமடலில் ஒரு கிளிப். பிறகு திரையில் தோலின் மின்தடை எவ்வளவு என்று பார்ப்பார். ஐந்து கிலோ ஓம்முக்குக் கீழே இறங்கும்வரை மறுபடி தேய்ப்பு, மறுபடி பேஸ்ட்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்றால், மண்டையோட்டுக்கு வெளியே வந்து சேரும் மூளையின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் அதை மூழ்கடித்துவிடும். கண் சிமிட்டினால் திரையில் மலை எழும். இயந்திரம் இந்தக் குப்பையை ஒதுக்கி, மிச்சமிருக்கும் அலையை வேக வாரியாகப் பிரிக்கும்: நொடிக்கு 4 முதல் 8 துடிப்பு தீட்டா, 8 முதல் 12 அல்லது 13 வரை ஆல்ஃபா, அதற்கு மேல் பீட்டா. பயிற்றுநர் ஓர் எல்லை வைப்பார். ஆல்ஃபா அந்த எல்லைக்கு மேலே போனால், அல்லது கீழே வந்தால், திரையில் ஓடும் படம் பளிச்சென்று தெரியும், தவறினால் மங்கும். சில இடங்களில் ‘டிங்’ என்று ஒரு சத்தம். பார்ப்பவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ‘எப்படி அதை உயர்த்துவது?’ என்று கேட்டால் பயிற்றுநர் சிரித்துவிட்டு, ‘படத்தைப் பாருங்கள், அது பார்த்துக்கொள்ளும்’ என்பார். கண்ணாடி இல்லாமல் நெற்றியில் நேராகப் பொட்டு வைக்க முடியாதவர்கள் கண்ணாடி முன் நின்றதும் யோசிக்காமலே நேராக வைத்துவிடுவார்களே, மூளைக்கும் தன் அலையைத் தானே பார்க்க ஒரு கண்ணாடி கிடைத்தால் போதும் என்பதே இதன் நம்பிக்கை. இருபது, முப்பது நிமிடம் ஓடும். வாரம் இருமுறை, மொத்தம் இருபது முதல் நாற்பது அமர்வுகள்.

நம்பிக்கைக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து முதன்முறையாக மின்னலையைப் பதிவுசெய்தார். படைச் சேவையின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பிய அன்று, தொலைவில் இருந்த அக்காள் காரணமில்லாமல் கலங்கித் தந்தியடிக்கச் சொன்னாளாம். மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகிறது என்று நம்பி அந்தச் சக்தியைத் தேடப் புறப்பட்டவர்தான் பெர்கர். அது கிடைக்கவில்லை, ஆல்ஃபா அலை கிடைத்தது. தான் கண்டதை வெளியிடவே அவருக்கு ஐந்து வருஷம் ஆயிற்று, வெளியிட்ட பிறகும் நெடுநாள் யாரும் நம்பவில்லை.

அந்த அலையை மனிதர் உணர முடியுமா என்று கேட்டவர் ஜோ காமியா. ஐம்பதுகளின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவரை இருட்டறையில் உட்கார வைத்து, மணி அடிக்கும்போது ‘இப்போது ஆல்ஃபா இருக்கிறதா இல்லையா’ என்று சொல்லச் சொன்னார். முதல் நாள் குருட்டாம்போக்கு. சில நாளில் அந்த மாணவர் ஏறக்குறைய தவறே செய்யாமல் சொல்லத் தொடங்கினார். எப்படித் தெரிகிறது என்று அவரால் தெளிவாக விளக்க முடியவில்லை.

அறுபதுகளில் கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் பூனைகளுக்கு 12 முதல் 15 துடிப்பு வரையிலான ஓர் அலையை வரவழைத்தால் உணவு என்று பழக்கினார். பிறகு அமெரிக்க விமானப்படை வேறொரு வேலை கொடுத்தது: ராக்கெட் எரிபொருளான மோனோமெத்தில் ஹைட்ரசீன் ஆவியால் ஆட்களுக்கு வலிப்பு வருகிறதே, எவ்வளவு அளவில் வருகிறது என்று பூனைகளிடம் பார்த்துச் சொல்லுங்கள். பூனைகளுக்கு வலிப்பு வந்தது. முன்பே அலைப் பயிற்சி பெற்றிருந்த பூனைகளுக்கு மட்டும் தாமதமாக வந்தது. சிலவற்றுக்கு வரவே இல்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் இந்தப் பூனைகள்தான். மருத்துவரின் அன்பான பேச்சையோ, கட்டிய பணத்தையோ நினைத்து ஒரு பூனை குணமடைவதில்லை.

பி.டி.எஸ்.டி. பக்கம் இதைத் திருப்பியவர்கள் யூஜின் பெனிஸ்டனும் பால் குல்கோஸ்கியும். 1991இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 29 வியட்நாம் போர் வீரர்கள். 15 பேருக்கு ஆல்ஃபா-தீட்டா பயிற்சி, 14 பேருக்கு வழக்கமான மருத்துவம். முப்பது மாதம் கழித்துப் பார்த்தால் வழக்கமான மருத்துவம் பெற்ற 14 பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. பயிற்சி பெற்றவர்களில் மூவருக்கு மட்டும். இவ்வளவு அழகான எண்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பயிற்சிக் குழுவுக்குக் கைச்சூடு ஏற்றும் தளர்வுப் பயிற்சி, மனக்காட்சிப் பயிற்சி எல்லாம் சேர்த்துத் தரப்பட்டன. எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. இன்னொன்றும் அங்கே தெரிந்தது. ஆல்ஃபா-தீட்டா நிலையில், அரைத்தூக்கம் போன்ற அந்த மயக்கத்தில், போர்க்களக் காட்சிகள் தாமாகவே மேலெழுந்தன. வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தாலும் நினைவு தன் கதவைத் தானே திறந்துகொள்ளும். அப்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கணினி இயக்க மட்டும் தெரிந்தால் போதாது.

2016இல் பெசல் வான் டர் கோல்க் குழு செய்த ஆய்வு இதைவிட ஒழுங்கானது. பேச்சுச் சிகிச்சை மாதக்கணக்கில் எடுத்தும் தேறாத 52 பேர். குலுக்கல் முறையில் 28 பேருக்கு நியூரோஃபீட்பேக், 24 பேர் காத்திருப்புப் பட்டியலில். பன்னிரண்டு வாரம், 24 அமர்வுகள், வலப் பொட்டுப் பக்கத்தில் மின்முனை. முடிவில் பயிற்சி பெற்றவர்களில் 27.3 சதவீதத்தினருக்கே நோய் மிஞ்சியிருந்தது, காத்திருந்தவர்களில் 68.2 சதவீதம். பேச்சால் ஆகாதவர்களிடம் இந்த அளவு மாற்றம் என்பது லேசான விஷயமில்லை. ஆனால் காத்திருந்தவர்களை யாரும் வாரம் இருமுறை அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, தலையைத் தொட்டு, ‘நன்றாகப் போகிறது’ என்று சொல்லவில்லை. ஒப்பீட்டின் ஒரு பக்கத்தில் இயந்திரமும் மனிதரும், மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

இதைத் தீர்க்க ஒரு வழி, போலிப் பயிற்சி. எதிரணியையும் அதே நாற்காலியில் உட்கார வைத்து, வேறு யாருடைய பதிவையோ வைத்துப் படத்தை மங்கச் செய்வது. கனடாவில் ரூத் லேனியஸ் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் செய்யப்பட்டது. 36 நோயாளிகள், இருபது வாரம், பின்னுச்சியில் மின்முனை. உண்மைப் பயிற்சி பெற்றவர்களில் பத்துக்கு ஆறு பேர் நோய் எல்லையைவிட்டு வெளியே வந்தார்கள். ஆனால் ஒரு பக்கம் பதினெட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அதைவிட என்னை உறுத்துவது வேறு. பெனிஸ்டன் ஆல்ஃபாவை ஏற்றச் சொன்னார். லேனியஸ் குழு ஆல்ஃபாவை இறக்கச் சொன்னது. இறக்கிவிட்டால் மூளை அதைத் திருப்பி உயர்த்திக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். வான் டர் கோல்க் வேறொரு இடத்தில் வேறு அலையைப் பழக்கினார். மூவரிடமும் நோயாளிகள் தேறினார்கள். எதிரெதிர்த் திசையில் தள்ளினாலும் வண்டி ஒரே பக்கம் நகர்கிறது என்றால், நகர்த்துவது தள்ளும் கைதானா என்று கேட்கத்தான் வேண்டும்.

கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டுவிட்டது. நியூரோஃபீட்பேக்கின் மிகப் பெரிய சந்தை அவர்கள்தான். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 7 முதல் 10 வயதுவரை நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பிள்ளைக்கும் தெரியாது, பயிற்றுநருக்கும் தெரியாது, எது உண்மை எது போலி என்று. இரண்டு குழுவும் நன்றாகத் தேறின. இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. பி.டி.எஸ்.டி.க்கும் அதே முடிவுதான் வரும் என்று சொல்ல மாட்டேன். நோய் வேறு, அலை வேறு. அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டி, இதைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய ஆதாரம் இல்லை என்று எழுதியிருக்கிறது. எனக்கும் அதற்கு மேல் சொல்லத் துணிவில்லை.

அதே 2023இல் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்றின் ‘பிரிஸம்’ கருவிக்கு, மற்றச் சிகிச்சைகளோடு சேர்த்துப் பயன்படுத்த, அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. பயத்தைக் கையாளும் அமிக்டலா மூளையின் ஆழத்தில் இருக்கிறது. தலைக்கு மேல் வைத்த மின்முனை அதை நேரே கேட்க முடியாது. எம்.ஆர்.ஐ.யும் மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யும் ஒரே நேரத்தில் எடுத்து, அமிக்டலா கிளர்ந்தால் மேற்பரப்பு அலை எப்படி மாறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த வடிவத்தைப் பின்தொடர்வது இதன் உத்தி. திரையில் ஒரு காத்திருப்பு அறை. ஆட்கள் எழுந்து நின்று கவுன்டரில் கூச்சல் போடுகிறார்கள். பயிற்சி பெறுபவரின் சிக்னல் இறங்க இறங்க ஒவ்வொருவராக உட்காருகிறார்கள், சத்தம் அடங்குகிறது. நம் அரசாங்க மருத்துவமனைகளின் திங்கட்கிழமைக் காலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. இதிலும் மூன்றில் இரண்டு பேர் தேறியதாக ஆய்வு சொல்கிறது. அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை.

ஒப்பீடு என்றால் என்ன என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் சேர்த்துக் கண்ட 31 பிள்ளைகளை, முகாமிலேயே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குத் தங்கள் வாழ்க்கையை ஆறு அமர்வுகளில் கதையாகச் சொல்லும் சிகிச்சை. மறு பகுதிக்கு ஆறு அமர்வுகள் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஆறு மாதம் கழித்து, கதை சொன்னவர்களில் 81 சதவீதத்தினர் குணம். சும்மா மூச்சைப் பார்த்து உட்கார்ந்தவர்களில் 71. கதை சொல்லும் முறைக்குப் பின்னால் பெரிய கோட்பாடு இருந்தது; தளர்வுக்குப் பின்னால் அவ்வளவு இல்லை. இடைவெளியோ பத்து. யாழ்ப்பாணத்தில் போர் நடுவே பல்லாண்டு பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரத்துக்கு இது வியப்பாக இருந்திருக்காது. சவாசனம் போன்ற சாந்தி ஆசனம், இந்துவுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிமுக்குத் திக்ரு என்று அவரவர் பழகிய வழியிலேயே உடம்பை அடக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். மனவடுவை ஒரு தலைக்குள் மட்டும் தேடக் கூடாது, சிதைந்துபோன குடும்பத்திலும் ஊரிலும் தேட வேண்டும் என்று விடாமல் எழுதியவரும் அவர்தான்.

கோலாலம்பூரிலேயே ஒரு ஆய்வு உண்டு. மலேசியாவில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிந்தவர்கள் 1,80,000க்கு மேல். பத்தில் ஒன்பது பேர் மியான்மரிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ரோஹிங்கியா, சின், கச்சின் சமூகங்களைச் சேர்ந்த 331 பேருக்கு ஆறு வார ஆலோசனை. அகதி வாழ்க்கையின் இழப்புகளை மையமாக வைத்த ஒரு முறையும் வழக்கமான நடத்தைச் சிகிச்சையும் ஒப்பிடப்பட்டன. முடிவு 2020இல் வெளிவந்தது: இரண்டிலும் நல்ல முன்னேற்றம், முதலாவதில் சற்றுக் கூடுதல். ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். அதே அகதிச் சமூகங்களிலிருந்து எடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட சாதாரண ஆட்கள், அதே மொழி பேசுகிறவர்கள்.

இதற்கு நேர் எதிரில் சிட்னி. சித்திரவதையிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக 1988இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்ஸ் என்ற அமைப்பு, அகதிகளுக்கு நியூரோஃபீட்பேக் கொடுத்து முடிவுகளை ஆய்விதழ்களில் எழுதி வருகிறது. எண்ணிக்கை சிறியது, போலிக் குழு இல்லை. ஆனால் அவர்கள் அதைத் தருகிற விதம் கவனிக்க வேண்டியது. இயந்திரம் அங்கே தனியாக வருவதில்லை. ஆலோசகரும், மொழிபெயர்ப்பாளரும், வீட்டுப் பிரச்சினையைப் பார்க்கிற ஆளும் அதோடு வருகிறார்கள். உடம்பு ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும் ஒருவரால் பேச்சுச் சிகிச்சையில் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது. அந்த உடம்பைக் கொஞ்சம் அமர்த்திக் கொடுத்தால் பிறகு பேச்சு நடக்கும் என்பது அவர்கள் அனுபவம். எனக்குப் பொருத்தமாகத் தெரியும் இடம் இதுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்பனை வேறு மாதிரி நடக்கிறது. பிள்ளையின் படிப்பு, ஆட்டிசம், தூக்கமின்மை, மன அழுத்தம், பேரதிர்ச்சி எல்லாம் ஒரே விளம்பர அட்டையில் இருக்கும். முதலில் ‘பிரெயின் மேப்’. தலையைப் பல வண்ண வட்டங்களாகக் காட்டி, இந்தச் சிவப்பு உங்கள் பயம், இந்த நீலம் உங்கள் சோர்வு என்று விளக்குவார்கள். வண்ண வரைபடத்தைப் பார்த்து பி.டி.எஸ்.டி. என்று யாராலும் முடிவுசெய்ய முடியாது. அதை முடிவுசெய்வது பயிற்சி பெற்றவர் ஒருவர் நேரில் உட்கார்ந்து கேட்கும் நீண்ட நேர்காணல். அடுத்து இருபது, நாற்பது அமர்வுக்கான பேக்கேஜ், முன்பணத்தோடு. தனியார் இடங்களில் ஒவ்வொரு அமர்வும் நூற்றுக்கணக்கான ரிங்கிட்.

அங்கே போய் உட்காருமுன் கேட்கக் கூச்சப்படக் கூடாத கேள்விகள் சில உண்டு. ஆலோசகர் என்று சொல்லிக்கொள்பவர் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிந்தவரா? கருவி மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா, அல்லது ‘நலவாழ்வுப் பொருள்’ என்ற பெயரில் வந்ததா? இரவில் பழைய காட்சிகள் பெருகினால் யாரைக் கூப்பிடுவது? தலைவலி, அசதி, தூக்கக் குலைவு வந்தால் எல்லையை மாற்றுவார்களா? கடைசிக் கேள்வி எனக்கு முக்கியம்: பத்து அமர்வு கழித்தும் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடச் சொல்வார்களா, இன்னும் பத்து வாங்கச் சொல்வார்களா? வலிப்பு உள்ளவர்கள் தங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று எந்தப் பயிற்றுநராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

குடிமக்களுக்கு மலிவான வழி இருக்கிறது. அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட், அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போனால் நிபுணருக்கு ஐந்து ரிங்கிட். காத்திருப்பு நீளம்தான். ‘மென்தாரி’ எனும் சமூக மனநல மையங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு வெளியே இருப்பதால், தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயம் அங்கே கொஞ்சம் குறையும். அகதிக்கு இந்த விலை கிடையாது. ஐ.நா. அட்டை இருந்தால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி. அந்தப் பாதியும் நாள் கூலிக்கு எட்டாத தூரம்.

தீபாவளிக்கு முந்தைய இரவு பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் வெடிச்சத்தம் ஓயாது. அன்று இரவு காதில் துணி அடைத்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மூன்று பிரிவு: உண்மையான நியூரோஃபீட்பேக், போலிப் பயிற்சி, தமிழ் பேசும் உள்ளூர் ஆள் நடத்தும் ஆறு வார ஆலோசனை. மூன்றிலும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு கவனிப்பு. மதிப்பெண் போடுகிறவருக்கு யார் எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. ஆறு மாதம் கழித்து ஒருமுறை, அடுத்த தீபாவளிக்குப் பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும். முதல் இரண்டு பிரிவுக்கு இ.இ.ஜி. பெட்டிகளும் பேஸ்டும் பயிற்றுநர்களும் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு அறையும், கோலாலம்பூரில் ஏற்கெனவே பயன்படுத்திப் பார்த்த அந்தப் பயிற்சி முறையின் தமிழ் வடிவமும் போதும்.